புதுப்பிப்பு: நொவினாவில் சிகிச்சை, தேக்காவில் அறை

மனைவியின் தொண்டைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை, திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வருகிறோம், எங்கே தங்கலாம் என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி லிட்டில் இந்தியா வட்டாரத்தில் தேக்கா பக்கமே அறை எடுத்தோம். சிகிச்சை நடக்கும் நொவினாவில் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஏறி நியூட்டனில் மாறினால் அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா.

வாரத்துக்கு ஐந்து நாள் சிகிச்சை. மூன்றாவது வாரம் தொண்டையெல்லாம் புண். எச்சில் விழுங்கவே அழுதாள். அப்புறம் அறையிலிருந்த ரைஸ் குக்கர்தான் கைகொடுத்தது. குழைய வேகவைத்த கஞ்சி, நன்றாக ஆறவைத்து, உப்பு மட்டும் போட்டு, ஒவ்வொரு ஸ்பூனாக. வாடகை கூடினாலும் சமைக்க வசதியுள்ள அறையாகப் பாருங்கள்.

நேற்று 33-வது முறை முடிந்தது. நெற்றியில், சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்கப் போடும் வலைமூடி அழுத்திய கட்டம் கட்டமான தடத்தோடு வெளியே வந்து சிரித்தாள். வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறோம்.