45 லட்சம், மாத வருமானம்: எந்தத் தரகரிடம் செலவு குறைவு?

மில்கேட்:
கோவையில் மில் வேலையிலிருந்து ஓய்வு. வயது 60. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்துக் கையில் 45 லட்சம். மாதச் செலவுக்குப் பணம் வர வேண்டும், அவ்வளவுதான். மூன்று இடத்தில் விசாரித்தேன். வங்கியோடு சேர்ந்த டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) பங்கு வாங்கினாலும் விற்றாலும் 0.5 சதவீதம். ஆப் புரோக்கரிடம் டெலிவரிக்கு, அதாவது வாங்கிய பங்கை அன்றே விற்காமல் வைத்துக்கொள்வதற்கு, புரோக்கரேஜ் (தரகு) கிடையாது. தெரிந்த மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட், "உங்க கையிலிருந்து ஒரு பைசா வேண்டாம் சார்" என்கிறார். பையன் ஆப் என்கிறான், வீட்டில் ஏஜென்ட் என்கிறார்கள்.

கணக்குப்புலி:
சார், பைசா வேண்டாம் என்பவர்தான் மூவரில் அதிகம் வாங்குவார். அவர் போட்டுத் தருவது ரெகுலர் பிளான், அவர் கமிஷன் ஃபண்டின் செலவிலேயே சேர்ந்திருக்கும். அதே ஃபண்டில் நாமே நேராகப் போடும், கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறது. பங்கு ஃபண்டுகளில் இரண்டுக்கும் செலவு வித்தியாசம் பெரும்பாலும் 0.5 முதல் 1 சதவீதம். 45ல் 15 லட்சத்தை ஃபண்டில் போடுவதாகவும் வித்தியாசம் 0.8 சதவீதம் என்றும் வையுங்கள், வருடம் 12,000 ரூபாய். அதே 15 லட்சத்திலிருந்து எஸ்.டபிள்யூ.பி. (மாதாமாதம் ஒரு தொகையை ஃபண்டிலிருந்து எடுக்கும் ஏற்பாடு) போட்டு வருடத்துக்கு 6 சதவீதம் எடுத்தால் மாதம் 7,500. ஒன்றரை மாதச் சம்பளம் ஏஜென்டுக்கு, வருடா வருடம்! வங்கி டீமேட்டில் 15 லட்சத்துக்குப் பங்கு வாங்கினால் ஒரே தடவை 7,500, ஜி.எஸ்.டி.யோடு 8,850. அதோடு முடிந்தது.

காங்கேயம் ஏஜென்ட்:
முடிந்ததா? தம்பி வங்கி ஆர்.எம். (வாடிக்கையாளரைக் கவனிக்கும் அதிகாரி) யாரையும் பார்த்ததில்லை போல. மூணு மாசத்துக்கொரு தடவை போன் வரும், "இதை வித்து அதை வாங்குங்க சார்" என்று. 15 லட்சத்தை வருடத்தில் இரண்டே தடவை மாற்றினால், வாங்க விற்க என்று 30,000, ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. என் கமிஷன் உங்கள் கணக்குப்படியே 12,000. யார் மலிவு?

இன்னொன்று. 2009 ஆகஸ்டில் என்ட்ரி லோடை, அதாவது ஃபண்டில் சேரும்போதே பிடிக்கும் கட்டணத்தை, சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி எடுத்துவிட்டது. 100 ரூபாய் போட்டால் 2.25 முன்னாடியே பிடித்த காலம் போச்சு. டிரெயில், அதாவது பணம் ஃபண்டில் இருக்கும்வரை வரும் கமிஷன், மட்டும்தான் எங்களுக்கு. அதற்குத்தான் 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது ஒவ்வொரு கஸ்டமராகக் கூப்பிட்டு விற்க விடாமல் பிடித்தோம். ஆப் பிடிக்குமா? நாளைக்கு இவர் இல்லையென்றால் யூனிட்டை அம்மா பெயருக்கு மாற்ற யார் அலைவது?

கணக்குப்புலி:
அலைவதற்கு ஒரு கூலி கொடுக்கலாம் அண்ணே, தப்பில்லை. செபியில் பதிந்த ஆலோசகரிடம் ஒரு தொகை கட்டித் திட்டம் வாங்கிக்கொண்டு டைரக்டில் போடட்டும். உங்கள் கூலி ஃபண்டு வளர வளரச் சேர்ந்து வளர்கிறதே, அலைச்சலும் கூடவே வளர்கிறதா?

ஆர்எஸ்புரம் ராஜி:
இரண்டு பேரும் 15 லட்சத்துக்கே மல்லுக்கட்டுகிறீர்கள். மீதி 30 லட்சத்தை யாரும் பேசவில்லையே? தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2023 ஏப்ரலில் உச்சவரம்பை 15லிருந்து 30 லட்சமாக்கினார்கள். 8.2 சதவீதத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கொருமுறை 61,500 வரும், மாதக் கணக்கில் 20,500. சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருடமும் மாறாது. தரகு பூஜ்யம். 2011 டிசம்பரிலிருந்து இதற்கு ஏஜென்ட் கமிஷன் கிடையாது. மில்கேட் சார் போன மூன்று இடத்திலும் இதை ஏன் சொல்லவில்லை என்று இப்போது புரிந்திருக்குமே.

காங்கேயம் ஏஜென்ட்:
ராஜிம்மா, நான் என் கஸ்டமரிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆர்எஸ்புரம் ராஜி:
நீங்கள் சொல்வீர்கள். அவருடைய ஏஜென்ட் சொன்னாரா?

டெலிவரி தம்பி:
அங்கிள், ஆப்பில் நல்ல டிவிடெண்ட் பங்கா வாங்கிப் போட்டால் புரோக்கரேஜே இல்லை. அதோடு வருமானம். எதுக்கு இவ்வளவு பேச்சு?

கணக்குப்புலி:
பூஜ்யம் என்றால் புரோக்கரேஜ் மட்டும்தான் தம்பி. வாங்கும்போதும் விற்கும்போதும் எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015. இது எல்லா இடத்திலும் ஒன்றுதான். விற்கும் நாளில் ஒவ்வொரு பங்குக்கும் டி.பி. சார்ஜ் (டீமேட் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கான கட்டணம்) தனி. மாதாமாதம் பத்துப் பங்கில் கொஞ்சம் கொஞ்சம் விற்றுச் செலவுக்கு எடுத்தால் அதுவே ஒரு தொகை. டிவிடெண்ட் 2020 ஏப்ரலிலிருந்து வருமானத்தோடு சேர்ந்து வரிக்குப் போகிறது. கம்பெனி நினைத்தால் அதையும் நிறுத்தலாம். 60 வயதில் ஒரே வருமானமாக அதை நம்பச் சொல்லாதே.

தரகே வேண்டாமென்றால் அரசுப் பத்திரங்களை நேராக வாங்க ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் தளம் இருக்கிறது சார். கணக்குத் தொடங்கக் கட்டணமில்லை. அரசுப் பத்திரம் வாங்கினால் ஆறு மாதத்துக்கொருமுறை வட்டி.

மில்கேட்:
ஏஜென்டிடம் இப்போதுதான் போனில் கேட்டேன், டிரெயில் எவ்வளவு என்று. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்" என்றார்.

காங்கேயம் ஏஜென்ட்:
அப்படிச் சொல்வது தப்பு சார். கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை வரும் சி.ஏ.எஸ். (உங்கள் ஃபண்ட் முதலீடு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும்) அறிக்கையிலும் கமிஷன் ரூபாயிலேயே அச்சாகி வரும். நான் ரெகுலர் பக்கம்தான் பேசுகிறேன், ஆனால் அவரிடம் போடாதீர்கள்.

மில்கேட்:
சரி. நாளைக்குக் காலை தபால் ஆபீஸ், 30 லட்சம். மீதி 15ம் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும், யோசிக்கிறேன்.

கணக்குப்புலி:
சேமிப்புக் கணக்கில் வேண்டாம் சார், அந்த ஆர்.எம். கண்ணில் படும். லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) போட்டு வையுங்கள், டைரக்ட்.

காங்கேயம் ஏஜென்ட்:
லிக்விட் ஃபண்டில் ரெகுலருக்கும் டைரக்டுக்கும் வித்தியாசம் ரொம்பச் சின்னது தம்பி. அதற்கும் சண்டையா?