வேரிகோசீல்: தமிழில் என்ன போடலாம்? (வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது)

காரைக்குடியிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். இங்கே ஒரு ஸ்கேன் சென்டருக்காக நோயாளி கையில் கொடுக்கும் சீட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'ஆண் மலட்டுத்தன்மை: விதைப்பை டாப்ளர் ஸ்கேன்' என்பது தலைப்பு. டாப்ளர் என்றால் ரத்தம் ஓடும் திசையையும் காட்டும் அல்ட்ராசவுண்ட். விந்துப் பரிசோதனை முடிந்து, டாக்டர் தொட்டுப் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் எடுப்பது. மற்றதெல்லாம் வந்துவிட்டது, வேரிகோசீலில் மாட்டிக்கொண்டேன். விதைக்கு மேலே பின்னிக் கிடக்கும் சிரைகள் புடைத்து, மேலே போக வேண்டிய ரத்தம் திரும்பி இறங்குகிற கோளாறு. 'விரைச்சிரைப் புடைப்பு' (விரை என்றால் விதை) என்று போட்டிருக்கிறேன். சரியா?

கோட்டையூரிலிருந்து:
தம்பி, ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். 'விரைச்சிரை' என்று அச்சடித்துக் கொடுத்தால் பாதிப் பேர் வீட்டிலேயே சிரைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்புறம், தலைப்பில் இருக்கும் மலட்டுத்தன்மையை முதலில் எடுங்கள். 'குழந்தையின்மை' போதும்.

தேவகோட்டையிலிருந்து:
சிரை வடசொல், போனால் போகட்டும். விரை நம்முடையது, அதை விடக்கூடாது. அந்தச் சிரைப் பின்னலுக்கு மருத்துவர்கள் சொல்லும் 'பாம்பினிஃபார்ம்' என்பதிலேயே நம் பாம்பு நெளிவதைக் கவனித்தீர்களா? நான் 'குருதியோதம்' என்பதை முன்மொழிகிறேன். ஓதம் என்றால் ஏறி இறங்கும் கடல்நீர், விதைப்பை வீக்கத்துக்கும் அதே பெயர் உண்டு. ரத்தம் போய்த் திரும்புவதும் வீக்கமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பள்ளத்தூரிலிருந்து (ஸ்கேன் பார்க்கிறவன்):
ஐயா, லத்தீனில் பாம்பினஸ் என்றால் திராட்சைக் கொடியின் சுருள் தளிர். பாம்பு இல்லை. கை வைத்தால் புழு மூட்டை மாதிரி இருக்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓதம் கட்டாயம் வேண்டாம், அது ஹைட்ரோசீல், அதாவது விதையைச் சுற்றி நீர் கோப்பது. அதுவும் இதே ஸ்கேனில் தெரியும், ரிப்போர்ட்டில் இரண்டும் குழம்பிவிடும். காலில் வந்தால் நரம்பு சுருட்டல் என்கிறார்கள் இல்லையா, அதை ஒட்டி 'விதைப்பை நரம்புப் புடைப்பு' என்று போடுங்கள். பெயரை விட முக்கியம், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்ப்போம், மூச்சை அடக்கி முக்கச் சொல்வோம் என்று எழுதுவது. முக்கும்போதுதான் ரத்தம் திரும்புவது திரையில் தெரியும். சிரை 3 மி.மீ.க்கு மேல் விரிந்திருக்கிறதா என்றும் அளப்போம். கதிர்வீச்சு கிடையாது. பொதுவாக ஆண்களில் 15 சதவீதம் பேருக்கு இது இருக்கும், முதல் குழந்தைக்கே தவிப்பவர்களில் 35 முதல் 40 வரை. இருந்தாலே குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை, இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். இடப்பக்கச் சிரை சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்வதால் பெரும்பாலும் இடப்பக்கம்தான் வரும்.

தேவகோட்டையிலிருந்து:
பள்ளிக்கூடத்தில் நரம்பு என்றால் மூளையிலிருந்து வருவது, ரத்தம் ஓடுவது சிரை என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, சீட்டில் நீங்களே மாற்றி அடிப்பீர்களோ? புரிகிறது என்பதற்காகத் தப்பை அச்சேற்ற முடியாது.

கானாடுகாத்தானிலிருந்து:
தப்பென்று யார் சொன்னது? புறநானூறு 278-இல் நச்செள்ளையார் 'நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்றோள்' என்று ஒரு முதியவளைப் பாடுகிறார். அங்கே எழுந்து தெரிவது மூளை நரம்பா? தோலுக்கடியில் புடைத்த ரத்தக்குழாய்தானே. பாடநூல் நேற்று வந்தது. கோட்டையூர் ஆச்சி தலைப்பைப் பற்றிச் சொன்னதற்கும் ஒரு வார்த்தை: நம் நகரத்தார் பக்கம் பிள்ளை இல்லாவிட்டால் ஒரே கோயில் பங்காளி வீட்டில் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள் (தத்தெடுப்பார்கள்), கோயில் கணக்கில் அந்தக் குடும்பத்தின் புள்ளி அற்றுப் போகாது. ஆனால் மலடி என்ற பேர் மருமகளுக்கு நின்றுவிடும், மாப்பிள்ளையை யாரும் டாக்டரிடம் அனுப்பியதில்லை. அந்தச் சொல் இந்தச் சீட்டில் வேண்டவே வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து:
சரி, 'குழந்தையின்மை' தலைப்பில். உள்ளே 'விதைப்பை நரம்புப் புடைப்பு', பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வேரிகோசீல். ரிப்போர்ட்டில் அதுதான் வரும், பார்த்து ஒப்பிட்டுக்கொள்வார்கள். 'மூச்சை அடக்கி முக்கவும்' அப்படியே. ஆட்சேபம் இருந்தால் இன்றிரவுக்குள்.

தேவகோட்டையிலிருந்து:
ஆட்சேபம் உண்டு. எண்ணிக்கையில் தோற்றதால் ஓதம் தவறாகிவிடாது. தொகுப்பில் மாற்றுக்கருத்தாகக் 'குருதியோதம்' பதிவாக வேண்டும். 'முக்கவும்' என்பதும் அச்சில் வரக்கூடிய சொல்லா? அதற்கு இரண்டு நல்ல சொற்கள் வைத்திருக்கிறேன், வேர் சரிபார்த்துத் திங்கள்கிழமை அனுப்புகிறேன்.