முயலுக்குப் படுத்த இடத்தில் முட்டை

ஒற்றைக்குழல்:
வேட்டைக்கு அனுமதி இருந்தது, பருவமும் சரி. அதில் யாரும் தொங்க வேண்டாம். சாயங்காலம் முயலுக்காகப் புல்லில் குப்புறப் படுத்திருந்தேன். தலைக்கு மேல் ஆள்காட்டிப் பறவை கத்திக்கொண்டே சுற்றியது. அதன் வழக்கமே அதுதானே என்று விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம். அந்தக் கூச்சலில் எந்த முயல் வரும்? எரிச்சலோடு எழுந்திருக்கக் கையை ஊன்றப் போனேன். ஊன்றவிருந்த இடத்தில் நான்கு கூழாங்கல், ஒரே அளவில், கரும்புள்ளிகளோடு. முட்டை! கூடு என்று ஒன்றுமில்லை, மண்ணில் சின்னப் பள்ளம். என் முழங்கையிலிருந்து ஒரு சாண். அது கத்தியது ஆளைக் காட்டிக்கொடுக்க இல்லை, எழுந்து போடா என்று.

சருகுநடை:
உங்களுக்காவது முட்டை உடையவில்லை. நான் .22 துப்பாக்கியில் முயல் அடித்து, அங்கேயே வயிற்றைக் கீறிக் குடலைப் புதர் ஓரம் போட்டுவிட்டு வந்தேன். நரிக்கு ஆகும் என்ற நல்லெண்ணம் வேறு. மறுநாள் பருந்து ஒன்று கொத்திக்கொண்டிருந்தது. ஈயக் குண்டு துகளாகச் சிதறும், அது பறவையின் வயிற்று அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் ஏறும் என்று அப்போது தெரியாது. காண்டோர் கழுகுகள் இப்படிச் செத்துத்தான் கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்றார்கள். அந்தப் பருந்து என்னைப் பார்த்தும் பறக்கவில்லை. ஒரு துண்டை விழுங்கிவிட்டு மறுபடி குனிந்தது.

மேடுபள்ளம்:
ஈயத்தை விடுங்க, சத்தத்தைப் பேசுங்க. நான் சுட்ட ஒரே வெடியில் எதிர்க்கரை மரத்தில் அடைந்திருந்த கொக்கு அத்தனையும் இருட்டில் கிளம்பிப் போனது. அவ்வளவுதான் என் கதை. சைலன்சர் மாட்டியிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. குண்டு நொடிக்குச் சுமார் 340 மீட்டர், அதாவது ஒலியின் வேகத்தைத் தாண்டினால், காற்றைக் கிழிக்கிற சத்தம் குண்டோடுகூடவே போகும். குழல் முனையில் எதை மாட்டினாலும் அடங்காது. ஒலியைவிட மெதுவாகப் போகிற சப்சோனிக் ரவை வாங்குங்கள். அது சீக்கிரம் தாழும், குறியை 50 மீட்டருக்குள் வையுங்கள். காற்று முகத்தில் படுகிற மாதிரி நகருங்கள். போய்ச் சேர்ந்ததும் கால் மணி நேரம் சும்மா இருங்கள், குருவிகள் பழையபடி பேச ஆரம்பிக்கும். அப்புறம், முட்டையிடும் காலத்தில் வெட்டவெளியில் படுப்பதே தப்பு. படுக்கும் முன் குனிந்து பார்க்க வேண்டாமா?

சருகுநடை:
ஈயத்தை எப்படி விடுவது? நீங்கள் சொல்கிற சப்சோனிக் ரவையே பெரும்பாலும் ஈயம்தான்.

ஒற்றைக்குழல்:
நான் ஆலோசனை கேட்கவில்லையே. எழுந்து நூறடி தள்ளி நின்று பார்த்தேன். ஆள்காட்டி இறங்கியது. நாலடி நடந்தது, நின்றது, வேறு பக்கம் நடந்தது. நேராக முட்டைக்குப் போகவே இல்லை. அதற்குள் இருட்டிவிட்டது.