லாபக் கணக்கே போடாத கம்பெனியும் பிழைக்குமா?

எம்ஏ_ரெண்டாம்வருஷம்:
செமினாருக்குப் பொருளாதார அறிஞர் ஆர்மென் ஆல்ச்சியன் 1950-ல் எழுதின கட்டுரையை எடுத்திருக்கேன். உச்ச லாபத்துக்கு யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை, குருட்டாம்போக்கில் செய்தாலும் லாபம் கண்டவர் நிலைப்பார், மற்றவர் காணாமல் போவார் என்கிறார். மில்டன் ஃப்ரீட்மன் 1953-ல், அப்படின்னா எல்லாரும் கணக்குப் போட்டே நடக்கிற மாதிரி வெச்சுக்கலாம் என்கிறார். ரெண்டும் ஒண்ணுதானா? இது டார்வினோட இயற்கைத் தேர்வு மாதிரியே இருக்கு. ஆனா உயிரினத்துக்குக் குணத்தைக் கடத்த மரபணு இருக்கு. கம்பெனிக்கு என்ன?

பழைய_வாத்தியார்:
ஒண்ணே இல்லை. ஃப்ரீட்மன் ஒரேயடியாகத் தாண்டிவிட்டார். சிட்னி விண்டர் 1964-லேயே மடக்கினார்: இன்று லாபம் தந்த பழக்கத்தை நாளைக்கும் விடாமல் செய்தால்தானே அந்தத் தேர்வு நடக்கும்? தினம் ஒரு மாதிரி நடக்கிறவனிடம் எதைத் தேர்வது? பிறகு ரிச்சர்ட் நெல்சனோடு சேர்ந்து 1982-ல் புத்தகமே போட்டார். அதில் மரபணு இடத்தில் இருப்பது கம்பெனியின் அன்றாட நடைமுறைதான்.

பனியன்காரன்:
திருப்பூருங்க. துணி ரோல் வந்ததும் எங்க கட்டிங் மாஸ்டர் வெட்ட விடமாட்டாரு. பிரிச்சு ஒரு ராத்திரி ஆறப் போடணும். இழுத்துச் சுத்தின நிட் துணி தானா சுருங்கணும், அவசரப்பட்டா பீஸ் அளவு குறைஞ்சிரும். எங்கயும் எழுதி வெக்கலை. அவர்கிட்ட ஹெல்பரா இருந்த பையன் தனியா நாலு மெஷின் போட்டான். அங்கயும் துணி ராத்திரி ஆறுது. கட்டிங் மேஜையும் எங்களுது மாதிரியே வடக்குச் சுவரோரம்! அதுக்கு ஒரு காரணமும் கிடையாதுங்க. நல்ல பழக்கத்தோட சும்மா இருக்கிறதும் ஒட்டிக்கிட்டுப் போகுது.

பிழைக்கிறது வேற கதை. 2011 ஜனவரியில கழிவுநீர் வழக்குல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் முன்னாடியே வெளியூர்ல சாயம் போட்டுட்டிருந்ததால தப்பிச்சாரு. முன்யோசனை எல்லாம் இல்லீங்க, பட்டறை அவர் மாமனாரோடது.

பழைய_வாத்தியார்:
ஆல்ச்சியன் சொன்ன அதிர்ஷ்டம் இதுதான்! ஆனால் உயிரினத்துக்கும் கம்பெனிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கம்பெனி பக்கத்து யூனிட்டைப் பார்த்துப் பாதியில் மாறிக்கொள்ளலாம், கற்றதைக் கடத்தவும் செய்யலாம். எங்கள் கோட்பாடு, வாழும்போது பெற்ற குணமும் வாரிசுக்குப் போகும் என்ற லமார்க் பக்கம்தான் என்று நெல்சனும் விண்டரும் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

சந்தேகப்பேர்வழி:
நஷ்டத்திலேயே ஓடுற கம்பெனி சாகவே மாட்டேங்குதே?

பனியன்காரன்:
மச்சான் பணம் தீருற வரைக்கும் சாகாதுங்க. எங்க தெருவுலயே ஒண்ணு இருக்கு, தீபாவளி போனஸே கடன் வாங்கித்தான் குடுக்குது.