மாம்பிஞ்சு உதிர்வது மரத்தின் பிறவிக் குணமா?

கேள்வி: தோப்புக்காரர், நத்தம் சாலை
எங்கள் மாமரங்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன. ஆனால் பிடித்த பிஞ்சுகளில் பெரும்பகுதி பட்டாணி அளவிலேயே கொட்டிவிடுகிறது. அதே மண்ணும் அதே தண்ணீரும் உள்ள பக்கத்துத் தோப்பில், ரகம் வேறு என்பதால், இழப்பு குறைவாம். இது வெயிலாலும் காற்றாலும் நேர்வதா, மரபணுவே தீர்மானிப்பதா?

மறுமொழி: மேலூர் விவசாயி
மாவில் ஆண் பூக்களே மிகுதி. அவை காய்க்காமல் உதிரத்தான் செய்யும். அவற்றை இழப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள் ஐயா.

மறுமொழி: தாவரவியல் ஆசிரியை, ஒத்தக்கடை
இரண்டும் சேர்ந்ததுதான் ஐயா. காற்று பிஞ்சைப் பிய்த்தெறிவது குறைவு. மரமே அதைக் கழற்றிவிடுகிறது. காம்பில் இதற்கென்றே சிறு செல்களாலான ஓர் அடுக்கு முன்கூட்டியே அமைந்திருக்கும். வளரும் விதையிலிருந்து ஆக்சின் என்னும் ஊக்கி காம்பு வழியே இறங்கிக்கொண்டிருக்கும்வரை அந்த அடுக்கு அசையாது. கரு சிதைந்தாலோ, வறட்சியில் உணவு போதாவிட்டாலோ அந்த வரத்து குறைய, உதிர்வைத் தூண்டும் எத்திலீன் என்னும் வாயு ஊக்கி மேலோங்கி, செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை நொதிகள் கரைத்துவிடுகின்றன.

அந்த அடுக்கை உருவாக்குவது மரபணுக்களே. தக்காளிக் காம்பின் நடுவே ஒரு கணு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த அடுக்கு இருப்பது அங்கேதான். ‘ஜாயின்ட்லெஸ்’ என்ற மரபணு பழுதான செடியில் அக்கணு உருவாவதே இல்லை. அந்த மரபணு 2000இல் அடையாளம் காணப்பட்டது. காம்பு ஒட்டாமல் பழம் கழன்று வருவதால், இயந்திர அறுவடைக்கான தக்காளியில் கணுவற்ற ரகங்களையே விரும்புகிறார்கள். நெல்லிலும் இதே கதைதான்: காட்டு நெல்லின் மணி முற்றியதும் சிதறும், அக்குணத்தில் பெரும்பங்கு வகிக்கும் ‘எஸ்.எச்.4’ மரபணுவில் நேர்ந்த ஒரு சிறு மாற்றம் மணியைக் கதிரிலேயே நிறுத்தியது என்று 2006இல் கண்டறிந்தார்கள். கதிர் அடிக்கும் வேலையே அதனால்தான் வந்தது போலும்!

தோப்புக்காரர்
நன்றி அம்மா. கடைக்காரர் பரிந்துரைக்கும் பயிர் ஊக்கி மருந்து பயன்படுமா?

தாவரவியல் ஆசிரியை
அது நாப்தலின் அசிட்டிக் அமிலமாக இருந்தால் பயன்படும். குறைந்துபோன ஆக்சினுக்கு ஈடாக நிற்பது அது. 4.5 சதவீதக் கரைசல் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 4.5 மில்லி கலந்தால் 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு, ஆகும். கூடுதலாக ஊற்றாதீர்கள், ஆப்பிள் தோட்டங்களில் இளங்காய்களை வேண்டுமென்றே உதிர்க்கவும் இதே மருந்தைத்தான் அடிக்கிறார்கள். மண் காய்ந்து கிடந்தால் மருந்தைவிடத் தண்ணீரே முதலில் வேண்டும். அப்படியும் எல்லாப் பிஞ்சும் நிற்காது. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் எந்த மரமும் காய்களை வைத்துக்கொள்வதில்லை.