எனக்கு அந்த நாள் ஜூன் 8

டிசம்பர் 7 வருகிறது. படைவீரர் கொடிநாள். முன்னாள் படைவீரர்களையோ, பணியில் உயிர்நீத்தவர்களின் குடும்பத்தாரையோ நேரில் சந்தித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதை இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் படித்தபோது கொடிநாள் என்றால் எனக்குச் சட்டையில் குண்டூசியால் குத்திக்கொள்ளும் சின்னத் தாள் கொடிதான். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று பட்டை இருக்கும். வகுப்பு ஆசிரியர் காசை வாங்கிக்கொண்டு கொடுப்பார். அந்த மூன்று நிறங்களும் தரைப்படை, கடற்படை, விமானப்படையைக் குறிக்கின்றன என்பதுகூட அப்போது தெரியாது. 1949-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் மக்களிடம் நிதி திரட்டுகிறார்கள் என்பதும், போரில் ஊனமுற்றவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் அந்தப் பணம் போகிறது என்பதும் வேலைக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டவை.

எனக்கு வேலூர். இந்தப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தும், ஒரு மிலிட்டரிக்காரரிடம் உட்கார்ந்து பேச எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

நான் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலரை நான்கு வருடங்களாகத் தெரியும். காலையில் வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன், அவ்வளவுதான் பழக்கம். ஒரு கொடிநாளன்று எங்கள் கிளைக்குக் கொடிகள் வந்திருந்தன. கவுண்டரிலிருந்து ஒன்று கீழே விழுந்துவிட்டது. அவர் குனிந்து எடுத்தார், ஊதித் தூசியைத் தட்டினார், பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து உண்டியலில் போட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, “இதை நானே குத்திக்கலாமா சார்?” என்று கேட்டார்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மதியம் சாப்பாட்டு வேளையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“ஆர்ட்டிலரி சார், பீரங்கிப் படை. டிரைவர்.”

“கார்கில் சமயத்துல இருந்தீங்களா?”

“திராஸ்ல இருந்தேன்.”

அதற்குமேல் கொஞ்ச நேரம் பேசவில்லை. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அவராகத்தான் ஆரம்பித்தார். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலை சோஜிலா கணவாயைத் தாண்டி திராஸ், கார்கில் வழியாகப் போகிறது. பீரங்கிக் குண்டு, சாப்பாடு, ஆள் எல்லாம் அந்த ஒரே சாலையில்தான் போக வேண்டும். மேலே டோலோலிங் உச்சியில் எதிரி உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் சாலையில் போகும் ஒவ்வொரு வண்டியும் தெரியும்.

“பகல்ல போக முடியாது. ராத்திரியிலயும் லைட் போடக் கூடாது. பின்னாடி முழுக்க குண்டு. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம். ரோடு எங்க முடியுதுன்னே தெரியாது சார்.”

பக்கத்து இருக்கையில் ஒரு பீகார்க்காரர் வருவாராம். பாதிக் கதவைத் திறந்துவைத்து, தலையை வெளியே நீட்டிச் சாலையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வழி சொல்வது அவர் வேலை. “எனக்கு அப்போ இந்தி தடுமாறும். பதட்டத்துல மறந்துடுவேன்னு அவன் தமிழ்ல ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டான். ‘மெதுவா, மெதுவா’ம்பான். ராத்திரி முழுக்க அந்தக் குரல்தான்.”

ஜூன் 8 ராத்திரி சாலையோரத்தில் ஒரு ஷெல் விழுந்தது. சில்லுகள் வந்தது இடது பக்கமாக. “அவன் பக்கம்” என்று மட்டும் சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

டோலோலிங்கை நம்மவர்கள் மீட்டது ஜூன் 13. சாலைக்கு இருந்த ஆபத்து அதன்பிறகுதான் குறைந்தது. “அஞ்சு நாள் சார்” என்றார். ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்தன்று என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “எல்லாரும் ஸ்டேட்டஸ் போடுறாங்க, வாழ்த்து சொல்றாங்க. சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அந்த நாள் ஜூன் 8 சார்.” ஒவ்வொரு வருடமும் அன்று காலையில் பீகாரில் இருக்கும் நண்பரின் அம்மாவுக்குப் போன் செய்கிறார். அந்தம்மா ஒன்றும் பெரிதாகப் பேச மாட்டாராம். சாப்பிட்டாயா, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா, அவ்வளவுதான். இருபது வருடங்களுக்கு மேலாக நடக்கிறது.

கார்கிலில் இறந்தவர்கள் 527 பேர் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அத்தனை வீடுகளிலும் நாட்காட்டியில் ஒரு தேதி தனியாக நிற்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கள் ஊர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் பார்த்த கல்தான். யார் அந்த 14 பேர், எந்த நாளில் எங்கே விழுந்தார்கள் என்று அதில் ஒரு சொல் இல்லை. இப்போது அதைக் கடக்கும்போது கால் தானாக நின்றுவிடுகிறது.

*

வேலூர் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் திருச்சியில் நடந்தது ஞாபகம் வந்தது. கண்டோன்மெண்டில் மேஜர் சரவணன் நினைவிடம் இருக்கிறது. பீகார் ரெஜிமென்ட் முதல் பட்டாலியன். கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் 1999 மே 29 அன்று வீரமரணம் அடைந்தவர். கடும் சண்டை நடந்த இடம் என்பதால் அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீர் சக்ரா கொடுத்தார்கள்.

நான் ஜூலை 26-க்கு மட்டும்தான் அங்கே போவேன். கூட்டம் இருக்கும், மாலை போடுவார்கள், மாணவர்கள் வருவார்கள். ஒரு வருடம் மே 29 அன்று தற்செயலாக அந்த வழியே போனேன். நல்ல வெயில். ஒரு பெரியவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளப்பாகத் துடைத்த கறுப்பு ஷூ. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே பதக்கங்கள். ஒவ்வொன்றாகச் சட்டையில் குத்தி, நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். பிறகு அதே நிதானத்தோடு கழற்றி, கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார்.

ஏன் ஐயா கழற்றிவிட்டீர்கள் என்று கேட்டேன். “மேஜர் சாப் முன்னாடிதான் போட்டுக்கணும். பஸ்ஸுல போறப்ப எதுக்கு தம்பி?” என்றார். சுபேதாராக ஓய்வு பெற்றவராம். புதுக்கோட்டைப் பக்கம் ஏதோ கிராமம். பஸ் ஏறும்வரை கூடவே போனேன். இப்போது நானும் மே 29-க்குத்தான் போகிறேன்.

*

சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி ஒன்று. 1952-ல் அமைத்தது. தென்னிந்தியாவில் பல இடங்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர் வீரர்களின் கல்லறைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். நவம்பரில் ஒரு ஞாயிறு நினைவுநாள் நடக்கும். நான் போனது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. சில கற்களில் வீட்டார் எழுதச் சொன்ன ஒரு வரி இருக்கும். வயதைப் படித்துக்கொண்டே போனேன், 21, 19, 23. என் மகனுக்கு அப்போது 20. பாதி வரிசையோடு திரும்பிவிட்டேன்.

*

இதை எழுதலாமா என்று இரண்டு நாட்களாக யோசித்தேன். என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். போரில் இறக்கவில்லை. சிக்கிமில் பனி படர்ந்த மலைச்சாலையில் வண்டி கவிழ்ந்து இறந்தார். எனக்கு ஏழு வயது. அவர் பெயரையும் எண்ணையும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய கறுப்பு ட்ரங்குப் பெட்டி மட்டும் வீடு வந்து சேர்ந்தது. அதில் இப்போதும் அம்மா பட்டுப்புடவை வைத்திருக்கிறார்.

“சண்டையிலயா போனாரு?” என்று கேட்பார்கள். இல்லை என்றதும் முகம் மாறிவிடும். சிறு வயதில் அது எவ்வளவு வலிக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. எல்லையில் பனிச்சரிவிலும் விபத்திலும் போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களும் அந்தச் சீருடையில்தான் போனார்கள்.

நவம்பர் வந்தால் அம்மா பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். மூட்டு வலியோடு வரிசையில் நின்று, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட வருடங்கள் உண்டு. போன வருடம் எங்கள் தெருப் பையன் ஒருவன், கல்லூரியில் படிக்கிறவன், வீட்டுக்கே வந்து ஜீவன் பிரமாண் செயலியில் அம்மாவின் முகத்தைப் படம் பிடித்துப் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தான். போகும்போது அந்தப் பெட்டியில் இருந்த பெயரைச் சத்தமாக வாசித்து, “தாத்தா எந்த ரெஜிமென்ட் பாட்டி?” என்று கேட்டான். அம்மா அவனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். எனக்கே சொல்லாத விஷயங்களையெல்லாம் அன்று சொன்னார்.

*

சகோதரி, நீங்கள் எழுதியதை இன்று எங்கள் காவலர் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். மலைச்சாலை, வண்டி என்று வந்த இடத்தில் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, “அந்தப் பொண்ணோட அப்பா நாள் எதுன்னு கேளுங்க சார்” என்றார். சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லுங்கள்.

*

பிப்ரவரி 19. அவரிடம் சொல்லிவிடுங்கள் அண்ணா.