அல்சைமர் (மறதி நோய்) அபாயத்தைக் கூட்டும் ஈ4 மரபணு ஒன்று இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கு, தோட்டப்புறத்தில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்?

கிராணி_பேராக்:
வணக்கம். மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் பக்கம். வயது 43, தோட்ட ஆபீசில் கிராணி (கிளார்க்), நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. அப்பாவுக்கு 72 வயதில் அல்சைமர் என்று உறுதியானது. எச்சில் பரிசோதனையில் எனக்கு ஏபிஓஇ மரபணு ஈ3/ஈ4 (ஒரு பிரதி ஈ3 வகை, ஒரு பிரதி ஈ4 வகை). பிரஷர் 138/88, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 3.9 மில்லிமோல், இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். சிகரெட் இல்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலையாட்களின் பெயர் கூப்பிடும் கூட்டம்) போகவேண்டியிருப்பதால் தூக்கம் ஐந்தரை மணி நேரம்தான். ஜிம் என்றால் ஈப்போவுக்குத்தான் போகவேண்டும். இருக்கிற காசையும் நேரத்தையும் முதலில் எதில் போடுவது?

நரம்பு_நோட்டு:
ரிப்போர்ட்டை முதலில் சரியாகப் படிப்போம். ஏபிஓஇ 19ஆவது குரோமோசோமில் இருக்கும் மரபணு. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. ஈ4 வகைக்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பு 1993இல் வெளிவந்தது. ஒரு பிரதி ஈ4 என்றால் அபாயம் ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்கு. இரண்டுமே ஈ4 என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு மடங்கு என்பார்கள். இந்தக் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தது, நம்மவர்களுக்கு அப்படியே பொருத்தாதீங்க. ஒரு ஈ4 இருந்தும் கடைசிவரை தெளிவாக இருப்பவர்கள் நிறைய. ஈ4 இல்லாமலே நோய் வந்தவர்களும் நிறைய.

அப்பாவுக்கு 72இல் வந்தது என்பது ஒரு வகையில் நல்ல தகவல். 65க்கு முன்பே, தலைமுறை தலைமுறையாக வந்திருந்தால் வேறு மரபணுக்களைச் சந்தேகிக்க வேண்டும் (ஏபிபி, பிரிசெனிலின் 1, 2). அந்த வகை அல்சைமர் நோயாளிகள் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு.

ஏபிஓஇ புரதத்தின் வேலை கொழுப்பைச் சுமப்பது. ஈ4 வகை மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதக் கழிவைக் கழிப்பதில் மந்தம். அதோடு பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்து மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுத்தால் ஒரே இடத்தில் இரண்டு அடி. மரபணுவை மாற்ற முடியாது, இரண்டாவது அடியைத் தடுக்கலாம். பின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரை வைத்து இரண்டு வருடம் சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, பிரஷர்-சர்க்கரைக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. சிந்தனைத் திறன் சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது, ஈ4 உள்ளவர்களும் பலன் பெற்றார்கள். நோயே வராது என்று அது நிரூபிக்கவில்லை, அதையும் மனதில் வையுங்க.

உங்க எண்களுக்கு என் வரிசை: பிரஷர், சர்க்கரை, எல்டிஎல், தூக்கம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மருந்துப்பெட்டி:
138/88 ஒரே தடவை பார்த்ததா? அப்படியென்றால் அதை நம்பி எதுவும் முடிவு செய்யாதீங்க. கை மேல்பகுதியில் கட்டும் மெஷின் வாங்குங்க, மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டை உங்க கைச் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். பெரும்பாலோர் தப்பு செய்வது இங்கேதான்.

அளப்பதற்கு அரை மணி முன்பிருந்து கோப்பி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் இரண்டும் தரையில் படிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்க. கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலை, இரவு என்று ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்க. வீட்டில் 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தத் தாளோடு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) போங்க. ஒரு வெள்ளி (ரிங்கிட்) பதிவுக் கட்டணம்தான். மாத்திரை எழுதிக்கொடுத்தால் தயங்காமல் எடுங்க. எல்டிஎல் 3.9ஐயும் அதே நாளில் காட்டிப் பேசுங்க. உங்க வீடு பி40 (குறைந்த வருமானக் குடும்பங்கள்) பிரிவில் வந்தால் 40 வயதுக்கு மேல் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனையும் உண்டு.

தூக்கத்தை ஏழு மணி நேரமாக்க ஒரே வழி இரவு முனையை முன்னுக்கு இழுப்பது. நாலரைக்கு எழவேண்டும் என்றால் ஒன்பதரைக்கு விளக்கு அணைய வேண்டும். ஒரே இரவில் மாற்றினால் படுக்கையில் புரண்டுகொண்டுதான் இருப்பீங்க. மூன்று நாளைக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னுக்குத் தள்ளுங்க. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு தே (டீ), கோப்பி வேண்டாம். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்க. தூக்கத்துக்காகச் சளி மாத்திரை குளோர்பெனிரமினைத் தினமும் போடும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு, அது மூளையை மந்தமாக்கும் வகை மருந்து.

சமையற்கட்டு:
நம் ஊரில் சர்க்கரை ஏறும் வாசல் தே தாரேக் (ஆற்றிய பால் டீ). ஒரு கிளாசில் இரண்டு மேசைக்கரண்டி பால் டின் (இனிப்புச் சேர்த்த கெட்டிப் பால்) ஊற்றினால் சீனி மட்டும் சுமார் 20 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25க்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் மேல் வரம்பே தாண்டிவிட்டது. முதல் இரண்டு வாரம் கூராங் மானிஸ் (சீனி குறைவாக), பிறகு தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ). ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் பழையபடி திரும்பிவிடுவீங்க.

தட்டுக்கு சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ (கால், கால், பாதி) கணக்கே போதும்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ கோழியோ, பாதி காய்கறியும் பழமும். கங்கோங், பாயம், முருங்கை, சாவி என்று வாரத்தில் ஆறு நாளாவது ஒரு கீரை. கெம்போங் மீன் வாரம் இரண்டு முறை, பொரிக்காமல் குழம்பாகவோ வாழை இலையில் சுட்டோ. தேங்காய்ப்பால் குழம்பை வாரம் ஒரு நாளோடு நிறுத்துங்க. அதில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும், ஈ4 உள்ளவர்களுக்கு அந்த எண் ஏற்கனவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கருவாடு, நெத்திலியை இரண்டு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரை ஒரு தடவை மாற்றினால் உப்பு நன்றாகக் குறையும். உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி மட்டம். கிச்சாப்பும் (சோயா சாஸ்) பெலாச்சானும் (இறால் விழுது) அதற்குள்தான்.

கீரையைத் தேங்காயில் வதக்கி உப்பைக் கூட்டினால் கீரை சாப்பிட்டும் பலன் பாதியாகும்.

கிராணி_பேராக்:
நன்றி. வாட்ஸ்அப்பில் வரும் தேங்காய் எண்ணெய், வல்லாரை மாத்திரை? நடப்பதற்குச் செம்பனைச் சாலைதான் இருக்கு. தங்கச்சியையும் சோதிக்கச் சொல்லலாமா?

நரம்பு_நோட்டு:
வல்லாரையைச் சட்னியாக, உளாமாக (பச்சையாக) சாப்பிடுங்க, நல்ல கீரை. மாத்திரைக்குக் காசு செலவழிக்காதீங்க, அல்சைமரைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தேங்காய் எண்ணெய்க்கும் அதே பதில், மேலே சொன்ன கொழுப்புப் பிரச்சினையோடு. ஜின்கோ என்ற மூலிகை மாத்திரையை 3,000க்கு மேற்பட்ட முதியவர்களிடம் சோதித்தார்கள், 2008இல் முடிவு வந்தது, டிமென்ஷியாவை (அல்சைமர் போன்ற மறதி நோய்கள்) தடுக்கவில்லை.

நடைக்குச் செம்பனைச் சாலை தாராளம். வாரம் 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில். பெரட்டு முடிந்த கையோடு 15 நிமிடம், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் 15 நிமிடம் என்றால் ஐந்து நாளில் முடிந்தது. வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை வீதம் மூன்று சுற்று, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது அதே அளவு. சாலைக்குப் போகும்போது தோட்டத்துக்குள்தானே என்று மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாதீங்க. தலைக் காயமும் டிமென்ஷியா அபாயத்தை ஏற்றும் காரணங்களில் ஒன்று.

தங்கச்சியை வற்புறுத்தக் கூடாது. அவருக்கு உங்களிடமிருந்து தெரியவேண்டியது அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்பதுதான்; அதை டாக்டரிடம் சொன்னாலே பிரஷர், சர்க்கரை, எல்டிஎல்லைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். மரபணு முடிவு தெரிந்தாலும் அவர் செய்யவேண்டியது இதே வேலைகள்தான். உங்க பிள்ளைகளுக்கும் இப்போது சோதனை தேவையில்லை. அவர்களில் ஒவ்வொருவருக்கும் உங்க ஈ4 போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

மருந்துப்பெட்டி:
ஒன்று விட்டுப்போச்சு. காது. ஆலைப் பக்கமோ புல்வெட்டி மெஷின் பக்கமோ அடிக்கடி நிற்கவேண்டியிருந்தால் 85 டெசிபல் தாண்டும். ஸ்பாஞ்ச் அடைப்பானை விரலில் உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, விரிந்து நிரம்பும்வரை 30 விநாடி விரலால் பிடித்திருங்க. வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அது அடைக்கவில்லை என்று அர்த்தம், எடுத்துவிட்டு மறுபடி போடுங்க.